முந்நூறு மீட்டருக்குள் ஒரு குடும்பம்

வெங்காயத்தையும் உருளைக்கிழங்கையும் ஒரே கூடையில் போட்டு வைத்தால் இரண்டுமே சீக்கிரம் கெட்டுப்போகும். என் மனைவி அமுதவல்லி சொல்லித்தான் இது எனக்குத் தெரியும். தனித்தனியாக வைத்தால் இரண்டும் நாள்பட நிற்கும். வெங்காயத்தின் மேல் குற்றமில்லை, கிழங்கின் மேலும் குற்றமில்லை. ஒட்டி வைத்ததுதான் தப்பு. எந்த நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று அரசாங்கம் போட்டிருக்கும் விதிகளை நான் தேடித் தேடிப் படித்தவன், ஐயா. அவையும் இதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

நேற்று நீங்கள் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டீர்கள். குவாரியில் வெடி வைப்பதற்கு முன்னால் கவிப்பிரியாவை வீட்டுக்குள் போகச் சொன்னது யார் என்று. ஒரு வார்த்தையில் பதில் சொல்லிவிடலாம்தான். ஆனால் ஒரு வார்த்தையில் சொன்னால் அது வேறு மாதிரி அர்த்தமாகிவிடும். ஏட்டு எழுதிக்கொள்வதாகச் சொன்னார். அவர் எழுதினால் நான் உட்கார்ந்து திருத்த வேண்டியிருக்கும். ஆகவே காகிதம் வாங்கிக்கொண்டு நானே எழுதுகிறேன்.

என் பெயர் மாதவராஜ். பால் சங்கத்தில் செயலாளராக இருந்து ஓய்வு பெற்றவன். படித்தது பாப்பாரப்பட்டியில். எங்கள் தமிழய்யா கடிதம் எழுதக் கற்றுக்கொடுக்கும்போது, ஒரு பத்திக்கு ஒரு விஷயம் போதும், எழுதும்போது கோபம் வந்தால் அந்த வரியை அடித்துவிட்டு மறுபடி எழுது என்பார். இன்றுவரை அப்படித்தான் எழுதுகிறேன். ஊரில் முதியோர் பென்ஷன், தெருவிளக்கு, பட்டா மாற்றம் என்று யாருக்கு மனு வேண்டுமானாலும் என்னிடம்தான் வருவார்கள். அதற்காக ஒரு டீ கூட வாங்கிக் குடித்தவனில்லை. இதை எதற்குச் சொல்கிறேன் என்றால், நான் ஆத்திரக்காரன் அல்ல என்பது உங்களுக்குத் தெரிய வேண்டும்.

எங்கள் ஊரை யாரும் படம் போட்டுக் கட்டவில்லை. ஆனாலும் ஊருக்கு ஓர் ஒழுங்கு இருந்தது. ராகி அடிக்கும் களம் காற்று வீசுகிற மேட்டில். சுடுகாடு, புகை ஊருக்குள் வராத திசையில். எருக்குழி ஒரு பக்கம், குடிதண்ணீர்க் கிணறு மறுபக்கம். காலனி ஓடைக்கு அந்தப்புறம். இன்னது இன்ன இடத்தில் என்று யாரும் எழுதி வைத்ததில்லை, மீறியவர்களும் இல்லை. இதைத்தான் திட்டமிடல் என்கிறார்கள் என்று பின்னால் தெரிந்தபோது எனக்குக் கொஞ்சம் பெருமையாகவே இருந்தது.

இந்த ஒழுங்குக்குள் கல் குவாரி வந்தது. ஊருக்கு மேற்கே ஆந்தைக்கரடு என்று ஒரு பாறைக்குன்று உண்டு. அதை உடைக்க யாரோ வெளியூர்க்காரர் உரிமம் வாங்கினார். முதலில் கம்ப்ரசர் சத்தம், அப்புறம் வெடி, அப்புறம் டிப்பர் லாரி. கரட்டுக்கும் ஊருக்கும் நடுவில் என் மாந்தோப்பு இருக்கிறது. பூப்பிடிக்கும் மாதத்தில் தோப்பு முழுக்கக் கோலமாவு தூவியது போல் இருந்தது. பூவில் தூசி படிந்தால் பிஞ்சு நிற்காது. என் வீட்டுச் சாமி அறைச் சுவரில் மேலிருந்து கீழ் வரை விரிசல் விட்டது. வெடிக்கும்போதெல்லாம் படங்கள் ஆடும். அமுதவல்லி ஒவ்வொரு படமாக நேராக்கி வைப்பாள், மறுநாள் மறுபடியும் நேராக்குவாள்.

நான் மனு எழுதினேன். எந்தெந்த அலுவலகத்துக்கு என்று பெயர் போடவில்லை, எல்லோரும் உத்தியோகத்தில் இருப்பவர்கள். ஓர் அலுவலகம், இது எங்கள் வரம்பில் வராது, அங்கே போங்கள் என்றது. அங்கே போனால் ஊராட்சியில் கேளுங்கள் என்றார்கள். ஊராட்சியில், எங்களுக்கு அவ்வளவு அதிகாரம் ஏதுங்க என்றார்கள். திங்கட்கிழமை மனு நாளில் வரிசையில் நிற்பேன். மனுவை வாங்கி, நம்பர் போட்டு, முதலில் என்னைத் திருப்பி அனுப்பிய அலுவலகத்துக்கே உரிய நடவடிக்கைக்காக அனுப்பிவைப்பார்கள். அங்கிருந்து எனக்கு ஒரு கடிதம் வரும், தங்கள் மனு பரிசீலனையில் உள்ளது என்று. ஐந்து வருடம், ஐயா. திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. எல்லோரும் மரியாதையாக நடந்துகொண்டார்கள். அதுதான் தாங்க முடியவில்லை.

கடைசியில் நகரமைப்பு சம்பந்தமான ஓர் அலுவலகத்தில் கோகிலவாணி என்ற பெண் அதிகாரி என்னை உட்காரவைத்துப் பேசினார். சுவரில் ஒரு பெரிய வரைபடம் தொங்கியது. மஞ்சள், ஊதா, பச்சை என்று நிறம் நிறமாக இருந்தது. அவர் எழுந்து போய் விரல் வைத்துக் காட்டினார்.

"மஞ்சள் வூடுங்க, ஊதா தொழிற்சாலை, பச்சை வெவசாயம். எது பக்கத்துல எது வரக்கூடாதுன்னு முன்னாடியே யோசிச்சு வெக்கறதுதாங்க இது. காத்து கெடக்கூடாது, தண்ணி கெடக்கூடாது, பொழைப்பும் நடக்கணும், புள்ளைங்க பயமில்லாம தெருவுல ஓடணும். அவ்ளோதான் நோக்கம்."

எங்கள் ஊர் என்ன நிறம் என்று கேட்டேன். அவர் வரைபடத்தின் ஓரத்துக்குப் போய், சட்டத்தையும் தாண்டி, வெறும் சுவரில் விரல் வைத்தார்.

"இங்க வருதுங்க ஐயா" என்று சிரித்துவிட்டார். உடனே, "தப்பா நெனச்சுக்காதீங்க, இன்னும் எந்தத் திட்டத்துலயும் உங்க ஊரு சேரலை" என்றார். பிறகு அவரே சொன்னார். "கல்லு குவாரிக்குத் தனி விதி இருக்குதுங்க. முந்நூறு மீட்டருக்குள்ள குடியிருப்பு இருந்தா ஒடைக்கக் கூடாது. அதுக்குள்ள வூடு ஏதாச்சும் இருக்குதுங்களா?"

என் வீடு நானூறு மீட்டருக்கும் மேலே. முந்நூறுக்குள் என் மோட்டார் கொட்டாய் இருக்கிறது என்றேன்.

"மோட்டாரு குடியிருப்பு ஆவாதுங்களே ஐயா. மனுசங்க இருக்கணும்."

அவர் மேல் ஒரு தவறும் இல்லை. என்னை மனிதனாக மதித்து விளக்கம் சொன்ன ஒரே அதிகாரி அவர்தான். தருமபுரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். விதி இருக்கிறது. நம் பக்கம்தான் இருக்கிறது. அது மனிதர்களைக் காப்பாற்றுவதற்காக எழுதப்பட்ட விதி. காப்பாற்றுவதற்கு அங்கே மனிதர்கள் இல்லை என்பதுதான் குறை. இவ்வளவு சின்னக் குறையை யாரும் இத்தனை காலமாக என்னிடம் சொல்லவில்லையே என்று வருத்தமாகக்கூட இருந்தது.

வீட்டில் சொன்னேன். அமுதவல்லி கத்தரிக்காய் அரிந்துகொண்டிருந்தாள்.

"அவ்ளோ ஆசையா இருந்தா நீங்களே போயிக் கொட்டாயில படுத்துக்கங்க. நான் சோறு அனுப்பறேன்" என்றாள்.

மனுதாரரே போய்க் குடியிருந்தால் உள்நோக்கம் என்று எழுதிவிடுவார்கள் என்றேன்.

"அப்ப வேற எவன் தலையில கை வெக்கப் போறீங்க?"

அவள் எப்போதும் இப்படித்தான் பேசுவாள்.

காலனியில் பாரதி என்று ஒரு பையன். இருபத்தைந்து, இருபத்தாறு வயதிருக்கும். மினிலாரி ஓட்டுகிறவன். அவனுடைய மனைவிதான் கவிப்பிரியா, பன்னிரண்டாம் வகுப்பு வரை படித்தவள். கைக்குழந்தை ஒன்று, பெண். அண்ணன் தம்பி மூன்று குடும்பம் ஒரே தொகுப்பு வீட்டில் இருந்தார்கள். காலனி விரிவதற்கு இடமில்லை. ஓடையைத் தாண்டி வருவது வழக்கமில்லை. நான் போய், என் நிலத்தில் மோட்டார் கொட்டாய்க்குப் பக்கத்தில் ஒரு வீடு கட்டித் தருகிறேன், நீங்கள் குடிவரலாம் என்றேன்.

பாரதி உடனே நம்பவில்லை. "ஓடைக்கு இந்தப் பக்கம் எங்களுக்கு எடம் குடுக்கறீங்களா சார்? உங்க ஆளுங்க ஒத்துக்குவாங்களா?"

அது ஊரைவிட்டுத் தள்ளி இருக்கிற இடம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள் என்றேன்.

கவிப்பிரியா குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு புருஷனைப் பார்த்துச் சிரித்தாள். "கேட்டுக்க. கரட்டோரமா இருக்குது, அதான் கேக்க ஆளில்ல. வாடகை எவ்ளோ சார்?"

வாடகை வேண்டாம் என்றேன்.

"அப்பதான் சார் பயமா இருக்குது."

புத்திசாலிப் பெண். நான் விளக்கமாகவே சொன்னேன். குவாரிக்கு எதிராக ஊருக்காக மனு நடக்கிறது, அந்த இடத்தில் ஒரு குடும்பம் தொடர்ந்து குடியிருந்தால் மனு நிற்கும், குவாரி நின்றதும் வீட்டோடு மூன்று சென்ட் அவள் பேரில் எழுதித் தருகிறேன் என்று. "தொடர்ந்து" என்ற வார்த்தையை அழுத்திச் சொன்னேன். மூன்று சென்ட் விஷயம் முழுப் பொய் அல்ல. அதைப் பற்றி யோசிப்பதாகத்தான் இருந்தேன்.

வீட்டை முறைப்படி கட்டினேன். ஊராட்சி அனுமதி, வீட்டு வரி ரசீது, கரண்டு கனெக்சன், ரேஷன் கார்டில் முகவரி மாற்றம், ஒன்றையும் விடவில்லை. சுவர் ஹாலோபிளாக். கூரை சிமெண்ட் ஷீட். தளம் போட்டிருக்கக் கூடாதா என்று நீங்கள் கேட்கலாம். உறுதியான கட்டடமாக இருந்தால், குடியிருப்புக்குப் பாதிப்பு எதுவும் இல்லை என்று எழுதிவிட்டுப் போய்விடுவார்கள். எனக்கு அவர்கள் எழுதுகிற விதம் தெரியும்.

பால் காய்ச்சிய அன்று நான் போயிருந்தேன். பால் பொங்கியதும் கவிப்பிரியா எல்லோருக்கும் டம்ளரில் ஊற்றிக் கொடுத்தாள். எனக்கும் கொடுத்தாள், நான் வாங்கி வைத்துக்கொண்டேன். வாசலில் அவர்கள் மூன்று பேரையும் நிறுத்தி, பின்னால் கரடு தெரிகிற மாதிரி ஒரு போட்டோ எடுத்தேன். "சார், கரட்ட எதுக்கு எடுக்கறீங்க, தோப்பு அழகா இருக்குது பாருங்க" என்றான் பாரதி. துணிகளை மேற்குப் பக்கம் கொடி கட்டிக் காயப்போடச் சொன்னேன், குழந்தைத் துணிகளை முக்கியமாக. குவாரியிலிருந்து பார்த்தால் தெரிய வேண்டும்.

குவாரியில் வெடி வைக்கும் முன் எச்சரிக்கை செய்ய கோவிந்தன் என்று ஒருவரை வைத்திருந்தார்கள். எங்கள் ஊர்க்காரர்தான், வயதானவர். கழுத்தில் விசில், கையில் சிவப்புத் துணி. வீடு வந்த பிறகு அவருக்கு ஒரு வேலை கூடியது. வெடி வைக்கும் முன் வயல் குறுக்கே ஓடிவந்து கவிப்பிரியாவை எழுப்பி, தோப்புக்கு அந்தப்பக்கம் கூட்டிக்கொண்டு போவார். குழந்தையை அவரே தூக்கிக்கொள்வார். "பாப்பா, வா வா, நாம டூரு போலாம். இன்னிக்கி ஒகேனக்கலா, ஏற்காடா?" என்று கேட்டுக்கொண்டே நடப்பார். வெடித்து முடிந்ததும் கொண்டுவந்து விடுவார். மனிதாபிமானம் என்ற வகையில் நல்ல காரியம்தான். ஆனால் மனுவை அதுதான் கெடுத்தது.

நடந்தது இதுதான். என் மனுவின் பேரில் இரண்டு அதிகாரிகள் நேரில் பார்க்க வந்தார்கள். குவாரிக்காரர்கள் அந்த நேரமாகப் பார்த்து விசில் ஊதச் சொல்லியிருக்கிறார்கள். கவிப்பிரியா வழக்கம்போலக் கதவைப் பூட்டிக்கொண்டு தோப்புக்குப் போய்விட்டாள். அதிகாரிகள் பூட்டைப் பார்த்தார்கள். எனக்கு வந்த பதிலில், மேற்படி கட்டடம் பூட்டிய நிலையில் காணப்பட்டது, தொடர் குடியிருப்பு ஏதுமில்லை என்று இருந்தது. கொடியில் துணி காய்ந்ததே, வாசலில் கோலம் இருந்ததே, அதை யார் பார்த்தது? ஒரு வீட்டையே கட்டிக் கொடுத்தும் அங்கே ஆள் இல்லை என்கிறார்கள். அன்று நான் சாப்பிடவில்லை.

மறுநாள் கவிப்பிரியாவிடம் போய், இனி விசில் ஊதினால் வெளியே போகாதே என்றேன்.

"கல்லு வந்து உழுந்தா சார்?"

விதிப்படி அங்கே கல் விழக் கூடாது என்றேன்.

"அது கல்லுக்குத் தெரியுமா சார்?"

இது கிண்டலாகப் பேசுகிற விஷயமல்ல, உன் வீட்டை விட்டு உன்னை எழுப்ப எவனுக்கும் உரிமை இல்லை, நீ எழுந்து போகப் போக அது வீடு இல்லை என்று ஆகிறது, பிறகு மூன்று சென்ட்டும் இல்லை என்று பொறுமையாக எடுத்துச் சொன்னேன். அன்றிலிருந்து விசில் ஊதினால் குழந்தையைத் தூக்கிக்கொண்டு அடுப்பு மேடைக்கு அடியில் போய் உட்கார்ந்துகொள்வாள். கோவிந்தன் கதவைத் தட்டித் தட்டிப் பார்ப்பார். உள்ளிருந்து, "நான் இருக்கறன் மாமா, நீங்க போங்க" என்பாள். கோவிந்தன் குவாரி மேனேஜரிடம் சண்டை போட்டு வெடிமருந்தைக் குறைத்து வைக்கச் சொன்னதாகக் கேள்விப்பட்டேன். அப்படியும் ஒருநாள் ஒரு கல் வந்து வாசலில் இருந்த தண்ணீர் டிரம்மை உடைத்தது.

டிரம்மைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். வந்த பதிலில், மனித உயிருக்குப் பாதிப்பு ஏற்பட்டதாகத் தெரியவில்லை என்று எழுதியிருந்தார்கள்.

ஐயா, நீங்கள் இந்த இடத்தைக் கொஞ்சம் நிதானமாகப் படிக்க வேண்டும். ஆள் இல்லை என்றார்கள், ஆள் வைத்தேன். ஆள் தங்கவில்லை என்றார்கள், தங்க வைத்தேன். இப்போது பாதிப்பு இல்லை என்கிறார்கள். ஒவ்வொரு முறையும் என்ன குறைகிறது என்பதை அவர்களேதான் எழுத்து மூலம் எனக்குத் தெரிவித்தார்கள். நானாக எதையும் கற்பனை செய்துகொள்ளவில்லை.

இதற்கு நடுவில் கவிப்பிரியா ஒன்று சொன்னாள். "சார், பாப்பாவுக்குக் காது கேக்குதான்னே டவுட்டா இருக்குது. தட்டு கீழ உழுந்தாக்கூடத் திரும்ப மாட்டேங்கறா. முன்னெல்லாம் அவங்கப்பா வண்டி சத்தத்துக்கே கால ஒதறுவா." பென்னாகரம் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய் ஒரு சர்டிபிகேட் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அடுத்த மனுவில் அதைத் தனிப் பத்தியாகச் சேர்த்தேன். நல்ல பத்தி. அதற்குப் பிறகுதான் மறுபடியும் நேரில் வந்து பார்ப்பதாகத் தகவல் வந்தது.

அவர்கள் வருவதற்கு முதல் நாள் நான் போனபோது வாசலில் மூட்டைகள் இருந்தன. பாத்திரம், துணி, கேஸ் அடுப்பு எல்லாம் கட்டியாகிவிட்டது. பாரதிக்கு ஓசூரில் ஒரு கம்பெனியில் வண்டி ஓட்டுகிற வேலை கிடைத்திருக்கிறது, ரூம் பார்த்தாகிவிட்டது, சாயங்காலம் வண்டி எடுத்துக்கொண்டு வருகிறான் என்றாள். குழந்தை உள்ளே தூளியில் தூங்கிக்கொண்டிருந்தது.

நாளைக்கு அதிகாரிகள் வருகிறார்கள், ஒரு நாள் இருந்துவிட்டுப் போ என்றேன்.

"மூணு சென்டு நீங்களே வெச்சுக்கங்க சார். எனக்கு வேணாம். பாப்பாவுக்கு ஓசூர்ல காது டாக்டர் இருக்கறாராம்."

அவள் கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குச் சிரமமாக இருந்தது. அவள் போய்விட்டால் நாளைக்கு வருகிறவர்கள் மறுபடியும் பூட்டைத்தான் பார்ப்பார்கள். ஐந்து வருடமும் ஒரு வீடும் வீணாகும். இதை அவளுக்குச் சொல்லிக்கொண்டிருக்கும்போதே விசில் சத்தம் கேட்டது. அவள் தூளியைத் திரும்பிப் பார்த்தாள்.

குழந்தையை எழுப்பாதே, உள்ளே போய் எப்போதும் போல உட்கார், கடைசி முறைதானே என்றேன்.

அவள் வாசற்படியில் நின்று என்னையே பார்த்தாள். பிறகு கேட்டாள். "நீங்களும் உள்ள வரீங்களா சார்?"

எனக்குத் தோப்பில் வேலை இருக்கிறது என்றேன். அவள் உள்ளே போய்க் கதவைச் சாத்தினாள். போனில் புருஷனிடம் பேசுகிற சத்தம் கேட்டது. சார் உள்ளேயே இருக்கச் சொல்கிறார் என்று சொன்னாள். அதை வைத்துத்தான் நீங்கள் என்னை விசாரிக்கிறீர்கள் என்று நினைக்கிறேன்.

ஆகவே உங்கள் கேள்விக்குப் பதில், நான்தான்.

ஆனால் நீங்கள் கேட்காத கேள்வி ஒன்று இருக்கிறது. அதையும் சொல்லாவிட்டால் வாக்குமூலம் முழுமையாகாது. நான் வரப்பில் ஏறித் தோப்பை நோக்கி நடக்கும்போது கோவிந்தன் வயல் குறுக்கே ஓடிவந்தார். மூச்சு வாங்கியது.

"செயலாளரே, இன்னிக்கிப் பெரிய வெடிங்க. லோடு அவசரம்னு மேலாப்புல, ஆழமில்லாம, நெறைய மருந்து வெச்சிருக்கறாங்க. அந்தப் புள்ளய நானே போயி இழுத்துக்கிட்டு வந்துடறன், நீங்க தள்ளிப் போயிருங்க."

வீட்டில் யாரும் இல்லை, எல்லாம் ஓசூர் போய்விட்டார்கள், மூட்டை கட்டியிருப்பதைப் பார்க்கவில்லையா என்றேன்.

அவர் முகம் தெளிந்தது. "போயிட்டாங்களா? நல்லதுங்க. பாப்பாகிட்ட சொல்லிக்காம உட்டுட்டனே" என்றார். வெடிக்கலாம் என்று குவாரியைப் பார்த்துச் சிவப்புத் துணியைத் தலைக்கு மேல் தூக்கி ஆட்டினார்.

அங்கே ஆள் இருக்கிறது, ஆள் இருக்கிறது என்று இத்தனை நாளும் எழுதிக்கொண்டே இருந்தவன், அன்று ஒரே ஒரு முறை ஆள் இல்லை என்று சொன்னேன். அதை மட்டும் உடனே நம்பினார்கள். நான் தோப்புக்குள் நின்றேன். முந்நூறு மீட்டர் எங்கே முடிகிறது என்று எனக்குத் தெரியும், அதற்கு வெளியேதான் நின்றேன்.

கூரையில் மூன்று இடத்தில் ஓட்டை. ஒரு கல் அடுப்பு மேடையில் விழுந்து மேடையே உள்வாங்கிவிட்டது. தூளி கட்டியிருந்த மூலைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாங்கள் கதவை உடைத்துக்கொண்டு உள்ளே போகும்போது குழந்தை தூங்கிக்கொண்டுதான் இருந்தது. கோவிந்தன் தரையில் உட்கார்ந்து வாயில் விசிலை வைத்துக்கொண்டு ஊதாமல் இருந்தார். சாயங்காலம் பாரதி மினிலாரியோடு வந்தான். அவனுக்கான புகார் மனுவையும் நான்தான் எழுதிக் கொடுத்தேன். அவனுக்கு அப்போது எழுதுகிற நிலைமை இல்லை.

கோவிந்தனை நீங்கள் பிடித்து வைத்திருக்கிறீர்கள். செயலாளர் ஆள் இல்லை என்று சொன்னார் என்று அவர் சொன்னதை, குவாரி ஆள் என்பதால் யாரும் நம்பவில்லை. அவர் சொல்வது உண்மை. அவரை விட்டுவிடலாம். உள்ளே ஆள் இருப்பது எனக்குத் தெரியும், வெடி பெரியது என்பதும் தெரியும், இரண்டையும் தெரிந்துகொண்டுதான் சொன்னேன். அந்தப் பெண்ணைக் கொன்றது என்று எழுத வேண்டுமானால் என் பேரை எழுதிக்கொள்ளுங்கள். ஆனால் அதே பத்தியில், அந்த வாரமே குவாரிக்குச் சீல் வைத்தார்கள் என்பதையும் எழுத வேண்டும். உத்தரவை நான் இரண்டு முறை படித்தேன். குடியிருப்புக்கு அருகில், மனித உயிருக்குப் பாதிப்பு என்று தெளிவாக இருக்கிறது. ஐந்து வருடத்தில் எனக்கு வந்த முதல் ஒழுங்கான பதில் அது.

இப்போது வெடிச் சத்தம் இல்லை. தோப்பில் பூ பூவாகவே இருக்கிறது. சாமி படங்கள் நேராக இருக்கின்றன, நேராக்குவதற்குத்தான் அமுதவல்லி வீட்டில் இல்லை. அவள் காலனிக்குப் போய்ப் பாரதியின் அண்ணன் வீட்டில் அந்தக் குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறாள். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் ஓடையைத் தாண்டியது இதுதான் முதல் தடவை. கூப்பிட ஆள் அனுப்பினேன். "அந்த மனுசன் மூஞ்சில முழிக்க மாட்டன்னு சொல்லு" என்று சொல்லி அனுப்பினாள். யார் யார் எங்கே இருக்க வேண்டும் என்ற ஒழுங்கு ஒரு நாளில் கலைந்துவிடுகிறது. அதை நினைத்தால்தான் எனக்குக் கஷ்டமாக இருக்கிறது.

கடைசியாக ஒரு வேண்டுகோள். உத்தரவு தற்காலிகமானதுதான். குவாரிக்காரர் மேல்முறையீடு செய்திருக்கிறார். அந்த இடத்தில் இப்போது யாரும் வசிக்கவில்லை, ஆகவே தடைக்குக் காரணமில்லை என்று அவருடைய வக்கீல் வாதம் வைக்கப்போவதாகக் கேள்வி. சட்டப்படி அது சரியான வாதம். நான் உள்ளே இருக்கும்போது இது நடந்துவிட்டால், அந்தப் பெண் இறந்ததற்கே அர்த்தம் இல்லாமல் போய்விடும். எனவே எனக்கு ஒரு வாரம் வெளியே போக அனுமதி வாங்கித் தந்தால் போதும். கூரைக்குப் புது ஷீட் போட்டாயிற்று, சுவருக்கு வெள்ளையும் அடித்தாயிற்று. காலனியில் தீர்த்தகிரி, குள்ளம்மாள் என்று ஒரு குடும்பம். பேசி வைத்திருக்கிறேன், ஏறக்குறைய சம்மதித்துவிட்டார்கள். அவர்களுக்கு மூன்று பெண் குழந்தைகள். வீடு நிறைந்திருக்கும்.